பாதை வரும்வரைக்கும் ஒரு தூண்டில்

மட்டக்களப்பு வாவியை எங்கட சனம் வாவி எண்டு சொல்லுறதில்ல. அது பாடப்புத்தகத்துச் சொல்லு. எங்களுக்கு அது ஆறு. ஆத்துக்குப் போறன், ஆத்து மீன், ஆத்தங்கரை, ஆத்துத் தண்ணி ஏறிட்டு. இப்பிடித்தான் பேச்சு. புவியியல் படிக்கிற நண்பர்கள், "அது ஆறில்ல, கடனீரேரி" எண்டு திருத்துவார்கள். 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாகக் கிடக்கிற அந்தத் தண்ணியைக் கோடையில் பார்த்தால் அவர்கள் சொல்லுறது சரியெண்டுதான் தோணும். ஆனால் கார்த்திகை, மார்கழியில ஒருக்கா வந்து பார்க்கவேணும். மேற்கே காட்டிலயும் குளத்திலயும் வயலிலயும் விழுந்த மழை எல்லாம் ஒண்டாச் சேர்ந்து இறங்குகிற அந்த ரெண்டு மாசமும் அது ஆறுதான். இழுக்கும். மண்ணிறமாக ஓடும். ஆற்றுவாழை தீவு தீவாக மிதந்துபோகும்.

மட்டக்களப்பு மீன் எண்டதும் எல்லாரும் பாடும் மீனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கல்லடிப் பாலம், முழு நிலவு, தோணியில காது வைச்சுக் கேட்கிற இசை எண்டு அது ஒரு பெரிய பட்டியல். நாங்கள் எழுதப்போறது பாடாத மீனைப் பற்றி. மாரியில, மழை ஓய்ஞ்ச ஒரு பின்னேரத்தில, குருமண்வெளித் துறையில முக்கால் மணித்தியாலம் தூண்டில் போட்ட கதை.

துறையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றுக்குக் கிழக்கே கடற்பக்கம் இருக்கிற ஊர்கள் எழுவான்கரை. சூரியன் எழுகிற கரை. மேற்கே வயலும் குளமுமாக இருக்கிற ஊர்கள் படுவான்கரை. சூரியன் படுகிற கரை. குருமண்வெளி எழுவான்கரையில இருக்கு. அதுக்கு நேர் எதிரே, தண்ணிக்கு அந்தப் பக்கம் மண்டூர். ரெண்டுக்கும் நடுவில ஓடுறது 'பாதை'. வேற ஊராருக்குப் பாதை எண்டால் தெரு. எங்களுக்கு அது ஆக்களையும் மோட்டர் சைக்கிளையும் உர மூட்டையையும் ஏத்திக்கொண்டு அக்கரைக்குப் போற மிதவை. ஆவணியில மண்டூர் முருகன் கோயில் திருவிழா எண்டால் அதில நிக்க இடம் கிடைக்காது. மாரியில சனம் குறைவு, காத்து கூட. ஒரு பாதையைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரைக்கும் துறையில இருந்து தண்ணியைப் பார்க்கிறது தவிர வேற வேலை இல்ல.

நாங்கள் நாலு பேர். வந்தாறுமூலையில கலைப்பீடத்தில ஒரே வகுப்பு. ஒருவன் மண்டூர். ஒருவன் கோட்டைக்கல்லாறு. மிச்ச ரெண்டு பேரும் களுதாவளை, வெற்றிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மண்டூரானை வீட்டுக்கு வழியனுப்ப எண்டு களுவாஞ்சிகுடி வரைக்கும் ஒரே பஸ்ஸில வந்து, அங்கயிருந்து துறைக்கும் கூடவே வந்தம். ஒரு காரணம் பாசம். மற்றது கல்லாறானுடைய பையில எப்பவும் இருக்கிற தூண்டில்.

பெரிய சாமான் ஒண்டும் இல்ல. ஒரு மரக்கட்டையில சுத்தின தங்கூசி, ரெண்டு முள்ளு, கொஞ்ச ஈயம். தடியும் இல்ல, சில்லும் இல்ல. விரலில சுத்தி, மற்றக் கையால சுழட்டி எறியுறது. இரைக்குக் கடையில வாங்கின கால் றாத்தல் பாண். அதின்ர நடுப்பகுதியை எச்சில் படாமல் தண்ணி தொட்டு உருட்டினால் முள்ளில நிக்கும். கோடையில இது வேலை செய்யும். மாரியில செய்யாது எண்டு எங்களுக்குச் சொன்னவர் துறையில வீச்சுவலையோட நிண்ட ஒரு மாமா.

"என்ன மனே, பாண் போடுறீங்க? மீன் தேத்தண்ணியும் கேக்கப் போகுது."

அவர் சிரிச்சுக்கொண்டே கரையோரத்தில ஈர மண்ணைக் காலால கிளறிக் காட்டினார். மழைக்கு மேல வந்த மண்புழு கையளவு கிடந்தது. கலங்கின தண்ணியில மீனுக்குக் கண் உதவாது. பாணின்ர வெள்ளை அதுக்குத் தெரியப்போறதில்ல. மணம் வேணும், இல்லாட்டி அசைவு வேணும். கெளுத்திக்கு வாயைச் சுத்தி மீசை இருக்கிறதே அதுக்குத்தான். அது நாக்கும் மூக்கும் விரலும் சேர்ந்த ஒரு உறுப்பு. தண்ணி எவ்வளவு கலங்கினாலும் கெளுத்தி பட்டினி கிடக்காது.

எங்க போடுறது எண்டதையும் தண்ணிதான் சொல்லுது. நடு ஆத்தில இழுவை கூட. அங்க நிக்கிற மீன் நீந்தியே களைச்சுப்போகும். அதனால மாரியில மீன் ஓரத்துக்கு வரும். துறைக் கட்டின்ர மறைவு, தூணுக்குப் பின்பக்கம், ஆற்றுவாழை ஒதுங்கி நிக்கிற மூலை, வயல் தண்ணி இறங்குகிற மதகுக்குப் பக்கத்தில சுழிச்சு நிக்கிற இடம். ஓடுற தண்ணிக்கும் நிக்கிற தண்ணிக்கும் நடுவில ஒரு கோடு இருக்கும். நுரையும் சருகும் அந்தக் கோட்டில வரிசை கட்டும். மீன் நிக்கிற தண்ணியில இருந்துகொண்டு, ஓடுற தண்ணி கொண்டுவாற சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல்லாறான் எறிஞ்சது அந்தக் கோட்டில.

முதல் பத்து நிமிசம் ஒண்டும் இல்ல. தங்கூசியை ஆள்காட்டி விரலில சாய்ச்சு வைச்சுக்கொண்டு இருந்தம். மாரித் தூண்டிலில அலட்டிக்கொண்டே இருக்கலாம், ஆனால் விரல் மட்டும் பேச்சில கலக்கக் கூடாது. ஆற்றுவாழை முட்டுறது ஒரு மாதிரி, நண்டு பிடுங்கிறது ஒரு மாதிரி, மீன் இழுக்கிறது வேற. முதல் இழுவையில ஒரு திலாப்பியா. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. இது ஆத்து மீனே இல்ல. 1952இல ஆபிரிக்க இனத்தை இலங்கைக் குளங்களில கொண்டுவந்து விட்டார்கள். இப்ப அது இல்லாத குளமில்ல. மாரியில குளம் நிரம்பி வான் பாயும்போது அந்தத் தண்ணியோட இறங்கி ஆத்துக்கு வந்திடும். அதனால மார்கழியில துறையில திலாப்பியா கூடக் கிடைக்கத் தொடங்கினால், மேல எங்கயோ குளம் வான் பாயுது எண்டு அர்த்தம்.

மண்டூரான் அந்த மீனை முள்ளில இருந்து கழட்டினான். கழட்டிக்கொண்டே, "நவகிரி வான் பாயுது போல" எண்டான். அதுக்குப் பிறகு அவன் மீனைப் பார்க்கேல்ல. எதிர்க்கரையைப் பார்த்தான்.

அவனுக்கு அண்டு காலையில வீட்டிலயிருந்து வட்சப்பில ஒரு படம் வந்திருந்தது. பஸ்ஸில ஒருத்தருக்கும் காட்டேல்ல. துறையில காட்டினான். முதல்ல பார்க்க ஆறு எண்டுதான் நினைச்சம். பிறகு நடுவில ஒரு வரம்பும் அதில ஒரு கொக்கும் தெரிஞ்சது. அது ஆறில்ல, அவன்ர அப்பா விதைச்ச வேளாண்மை. விதைச்சு ஒரு மாசம் கடந்த பயிர் முழுக்கத் தண்ணிக்குள்ள தாண்டு கிடந்தது.

"எத்தின நாள்?"

"இண்டையோட நாலு. ஒரு கிழமை கிடந்தா அழுகிடும்."

விதைநெல்லுக்கும் பசளைக்கும் அக்காவின்ர சங்கிலி ஈட்டில இருக்கு. அது எங்களுக்கு முதலே தெரியும். தெரியாதது, அவன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிச்சிட்டான் எண்டது. வேளாண்மை போனால் கடைசி வருசம் படிக்கிறதில்ல, கட்டாருக்குப் போற மச்சான் ஆரோடயாவது கதைச்சு வெளிக்கிடுறது. இதை அவன் ஒரு மீன் கழட்டுற நேரத்துக்குள்ள சொல்லி முடிச்சான். குரலில ஒண்டும் இல்ல.

தண்ணி ஏன் வடியேல்ல எண்டதை விளங்கிக்கொள்ள ஆற்றுவாயைத் தெரியவேணும். இந்த ஆறு கடலோட சேருற இடம் ரெண்டு. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில மழைத் தண்ணி வராது. அலை மணலைக் கொண்டுவந்து வாயில குவிக்கும். ஆறு வாயை மூடிக்கொண்டு கிடக்கும். மாரி தொடங்கி மேற்கேயிருந்து தண்ணி இறங்க, போக வழியில்லாமல் ஆறு வீங்கும். வீங்கின ஆறு முதல்ல ஏறுறது படுவான்கரைத் தாழ்ந்த வயலுக்குள்ள. அந்த நேரத்தில மணல் திட்டை வெட்டி வாயைத் திறக்கவேணும். முந்தி மண்வெட்டியால வெட்டினார்கள். இப்ப பெக்கோ வரும். ஒரு ஆள் இறங்கிற அகலத்துக்கு வாய்க்கால் எடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை ஆறே வெட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்க ரெண்டு பக்கத்து மணலும் இடிஞ்சு இடிஞ்சு விழும்.

எப்ப வெட்டுறது எண்டதில்தான் பிரச்சினை. அதுக்கு ஒவ்வொரு மாரியும் கூட்டம் வைப்பார்கள். விவசாயிகள் ஒரு பக்கம், மீன்பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், அதிகாரிகள் நடுவில.

இந்த இடத்திலதான் எங்கட நாலு பேருக்குள்ளயே கூட்டம் வைக்கவேண்டி வந்தது. ஏனெண்டால் கல்லாறான்ர குடும்பம் மூண்டு தலைமுறையா ஆத்துத் தோணியில வாழுது. அவன்ர மாமாமார் வெட்ட வேணாம் எண்ட பக்கம். அவர்களின் நியாயம் இது: வாய் திறந்த அண்டு ஆத்துத் தண்ணி ஒரே இழுவையாகக் கடலுக்குப் போகும். வளர்ந்துகொண்டிருக்கிற றாலும் மீனும் அதோட போகும். தோணியோட காத்திருந்தவனுக்கு மிஞ்சிறது சேறு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் றால் பருத்து விலைக்கு வரும். அவர்களுக்கும் வீட்டில ஈடு வைச்ச நகை இருக்கு. அவர்களுக்கும் படிக்கிற பிள்ளை இருக்கு. அந்தப் பிள்ளை அண்டு எங்களோட தங்கூசியைப் பிடிச்சுக்கொண்டு துறையில குந்தியிருந்தான்.

கல்லாறான் ஒண்டும் கதைக்கேல்ல. மண்டூரானும் கேட்கேல்ல. கொஞ்ச நேரம் எல்லாரும் நுரைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தம்.

அடுத்ததா ரெண்டு கெளுத்தி வந்தது. கெளுத்தியைப் பிடிக்கிற விதம் வேற. முதுகில ஒண்டும் பக்கச் செட்டையில ரெண்டுமாக மூண்டு முள்ளு நிமிர்ந்து நிக்கும். குத்தினால் கடுப்பு இரவு முழுக்க இருக்கும். தலைக்குப் பின்பக்கம், பக்க முள்ளுகளுக்குப் பின்னால விரலைக் கொடுத்து அமத்திப் பிடிக்கவேணும். கல்லாறான் அதை எங்களுக்குக் காட்டித் தந்தான். மண்டூரான் இரையைக் கோர்த்தான். ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில குந்தியிருந்து ஒரே தங்கூசியில வேலை செய்தது இப்பவும் கண்ணில நிக்குது.

வீச்சுவலை மாமாவிட்ட ஆற்றுவாயைப் பற்றிக் கேட்டம். அவர் உடனே ஒரு பக்கம் சாயேல்ல. 78 சூறாவளிக்கு அவர் சின்னப் பொடியன். 2011 தைமாச வெள்ளத்தில ரெண்டு கரையும் ஒண்டாப் போனதைப் பெரிய ஆளாக நிண்டு பார்த்தவர். 2024 கார்த்திகைக் கடைசியில உயர்தரப் பரீட்சையையே தள்ளிவைக்கப் பண்ணின வெள்ளம் எங்களுக்கும் ஞாபகம். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ஆத்தை மூடியும் வைக்க ஏலா மனே, சும்மா திறந்து விடவும் ஏலா. அதுக்கு ஒரு நேரம் இருக்கு. நேரந்தான் கஷ்டம்."

இது நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த இழுவை வந்தது. தொடக்கத்தில பிடிச்ச சின்னத் திலாப்பியாக்குஞ்சு ஒண்டைக் கல்லாறான் உயிரோட மற்ற முள்ளில கோர்த்து மதகுச் சுழிக்குள்ள விட்டிருந்தான். தங்கூசி ஒருக்கா தளர்ந்தது. பிறகு கட்டையோட துள்ளிப் போகப் பார்த்தது. ரெண்டு பேர் பாய்ஞ்சு பிடிச்சம். தண்ணிக்கு மேல ஒரு வெள்ளி முதுகு, அகலமான வாய், தலையை ஒரு உதறு. கொடுவா. மூண்டு கிலோவாவது வரும் எண்டு கல்லாறான் பிறகு சொன்னான், தப்பின மீன் எப்பவும் வளரும் எண்டதையும் அவனே சொன்னான். கொடுவாவின்ர செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. ரெண்டாவது உதறலில தங்கூசி அறுந்தது.

எல்லாரும் வாயில கைவைச்சுக்கொண்டு நிக்க, மண்டூரான் சிரிச்சான். அண்டைக்கு முதல் தரம்.

"போகட்டும் விடு மச்சான். அவனும் வாய் வெட்டுறதைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறான்."

அது பகிடிக்குச் சொன்னது. ஆனால் உண்மை. கொடுவா ஆத்திலயும் குளத்திலயும் வளரும், முட்டையிட உப்புத்தண்ணிக்குப் போகவேணும். பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில வருசத்தில பெண்ணாக மாறுகிற மீன் அது. அந்தப் பெரிய பெண் மீனுக்கு வாய் திறக்காட்டி அடுத்த தலைமுறை இல்ல. றால் இதுக்கு மறுபக்கம். கடலில பிறந்து, குஞ்சாக ஆத்துக்குள்ள வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போறது. வாய் மூடியே இருந்தால் புதுக் குஞ்சு உள்ள வராது. அதனால கல்லாறான்ர மாமாவுக்கும் வாய் திறக்கத்தான் வேணும், இப்ப வேணாம் எண்டதுதான் அவரின் வழக்கு. மண்டூரான்ர அப்பாவுக்கும் ஆத்து மீன் இல்லாமல் சோறு இறங்காது. ரெண்டு பேருக்கும் நடுவில இருக்கிறது ஒரு கிழமை, கூடினால் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குள்ள ஒருத்தரின் பயிர் அழுகும், இல்லாட்டி மற்றவரின் றால் போகும்.

வகுப்பில இதுக்கு ஒரு பேர் இருக்கு. வள முரண்பாடு. புள்ளி போட்டு ஐந்து காரணங்கள் எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்தச் சொல் பிழையெண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. ஆனால் அதைப் படிக்கும்போது ரெண்டு தரப்பும் ரெண்டு கூட்டம் மாதிரியும், ஒண்டையொண்டு தெரியாத ஆக்கள் மாதிரியும் இருக்கும். துறையில அப்பிடி இல்ல. எழுவானும் படுவானும் ஒரே பாதையில ஏறுது. படுவான் நெல்லு எழுவான் பானையில வேகுது, எழுவான் மீன் படுவான் சட்டியில கொதிக்குது. கலியாணமும் அப்பிடித்தான், கடனும் அப்பிடித்தான். இதில எந்தப் பக்கம் நியாயம் எண்டு எங்களைக் கேட்டால், நட்டத்தை ஒரே கரை சுமக்கிறதுதான் அநியாயம் எண்டு சொல்லுவம். வெட்டினால் மீன்காரருக்கு அந்தக் கிழமைக்கு ஒரு ஈடு இருக்கவேணும். வெட்டப் பிந்தினால் வேளாண்மைக்காரருக்கு இருக்கவேணும். கூட்டத்தில திகதியைப் பற்றி மட்டும் கதைச்சால், தோத்த பக்கம் அடுத்த மாரிக்குக் கோவத்தோடதான் வரும்.

பாதை வாற சத்தம் கேட்டது. மேற்கே மேகத்துக்குக் கீழ கொஞ்சம் வெளிச்சம் விட்டு, சூரியன் மண்டூர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மூண்டு திலாப்பியாவும் ரெண்டு கெளுத்தியும் ஒரு சொப்பின் பையில. கல்லாறான் பையை அப்பிடியே மண்டூரான்ர கையில வைச்சான்.

"வீட்ட குடு. ஆணத்துக்குக் காணும்."

"உங்கட வீட்டுக்கு?"

"எங்களுக்கு ஆத்தில மீன் கிடக்குத்தானே. இன்னும் வெட்டேல்ல."

இதை அவன் எப்பிடிச் சொன்னான் எண்டதை எழுத்தில கொண்டுவர எங்களுக்கு ஏலேல்ல. ரெண்டு பேரும் சிரிச்சார்கள். மண்டூரான் பையோட ஏறினான்.

மூண்டாம் நாள் காலையில வாய் வெட்டினார்கள். கல்லாறான் போய்ப் பார்த்திட்டு ஒரு காணொளி அனுப்பினான். மண்ணிறத் தண்ணி கடலின்ர நீலத்தைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் போகுது. அவன்ர குரல் ஒண்டும் அதில இல்ல, தண்ணிச் சத்தம் மட்டும். அந்தக் கிழமை மாமாமாருக்குத் தோணி இறக்கிப் பிரயோசனம் இருக்கேல்ல. மண்டூரில தாழ்ந்த வயல் அழுகிப்போச்சு. மேட்டு வயல் தப்பினது. சங்கிலி இன்னும் ஈட்டிலதான். கடவுச்சீட்டு வந்திட்டு, அது அவன்ர வீட்டு அலுமாரியில இருக்கு. அவன் கடைசி வருசத்துக்குப் பதிஞ்சிருக்கிறான்.

மாரியில நீங்கள் குருமண்வெளிப் பக்கம் வந்தால் பாண் கொண்டுவர வேணாம், மண்புழு துறையிலயே இருக்கு. முதலை இருக்கிற ஆறு, தண்ணிக்குள்ள காலைத் தொங்கப்போட வேணாம். துறையில வலையோட ஒரு ஆளும் மண்வெட்டியோட ஒரு ஆளும் பாதைக்கு நிண்டால், ரெண்டு பேரிட்டயும் தண்ணி எப்பிடி எண்டு கேளுங்கள். ஒரே தண்ணிக்கு ரெண்டு பதில் வரும். ரெண்டையும் கேட்டிட்டுத் தூண்டிலைப் போடுங்கள்.